நண்பர் இறந்துவிட்டார், உங்கள் துப்பாக்கி அவர் வீட்டில் இருக்கிறது: என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது

மதுரை மாவட்டத்தில் சாப்டூர், எழுமலைப் பக்கம் மலையடிவாரத் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை என்று நண்பர் உங்கள் ஒற்றைக்குழல் துப்பாக்கியை வாங்கிப் போயிருப்பார். ஊருக்குப் போய்வரும் வரை பத்திரமாக இருக்கட்டும் என்று நீங்களே அவர் பீரோவில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்துப் போனவராகவும் இருக்கலாம். திடீரென்று நெஞ்சுவலி, அல்லது நான்குவழிச் சாலையில் விபத்து. மனிதர் போய்விட்டார். எழவு வீட்டில் நூறு பேர் வந்து போகிறார்கள். உங்கள் துப்பாக்கி உள்ளறையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கூட்டம் கலைந்ததும் சத்தமில்லாமல் போய் எடுத்து வந்துவிடலாம். அதைச் செய்யாதீர்கள். துப்பாக்கி அந்த வீட்டிலிருந்து உங்கள் கைக்கு நேராக வரக்கூடாது. முதலில் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து காகிதத்தோடு உங்களிடம் வர வேண்டும். சுற்றுவழியாகத் தெரிந்தாலும், உங்களையும் அந்தக் குடும்பத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிற வழி அதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

இரவல் என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது

மண்வெட்டியை, மோட்டாரை இரவல் கொடுப்பதுபோல் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு 'மாற்றம் செய்தல்' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது வாடகைக்கு விடுதல், இரவல் கொடுத்தல், கையைவிட்டுக் கொடுத்தல் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடுகிறது. விற்றால் என்ன நடைமுறையோ அதேதான் இரவலுக்கும். வாங்குகிறவருக்கு அந்த ஆயுதத்தை வைத்திருக்கும் உரிமை இருக்க வேண்டும். கொடுக்கிறவர் அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம். இது 5-ஆவது பிரிவில் இருக்கிறது.

ஒரே ஒரு சின்ன வாசல் உண்டு. 3-ஆவது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாத ஒருவர் லைசென்ஸ்தாரரின் முன்னிலையிலோ அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடோ துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது லைசென்ஸ்தாரரே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும். பன்றி விரட்ட, கல்யாண ஊர்வலத்தில் தோளில் போட்டு நடக்க, கடனுக்கு ஈடாக வைக்க என்பதெல்லாம் இதில் வராது.

ஆகவே எதையும் செய்வதற்கு முன் உங்கள் நிலை எது என்று நேர்மையாகப் பாருங்கள்.

உங்கள் லைசென்ஸில் 'ரிடெய்னர்' என்று, அதாவது உங்கள் சார்பில் ஆயுதத்தை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டவர் என்று, அந்த நண்பரின் பெயர் ஏறியிருந்தால், அல்லது மேலே சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால், உங்கள் நிலை பலமானது. அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் துப்பாக்கி உறைக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

நண்பருக்குச் சொந்த லைசென்ஸ் இருந்து, முறைப்படி 45 நாள் கழித்து, அவர் லைசென்ஸ் புத்தகத்தில் அந்தத் துப்பாக்கி ஏறி, உங்கள் புத்தகத்தில் நீக்கப்பட்டிருந்தால், அது இப்போது அவருடையது. வாய்ப்பேச்சில் "திருப்பித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தாலும் வாரிசுகள் சம்மதித்து மறுபடி உங்களுக்கு மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

எந்தக் காகிதமும் இல்லாமல் நட்புக்காகக் கொடுத்திருந்தால், நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள். உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் இன்னொருவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதற்கு 29-ஆவது பிரிவில் தண்டனை இருக்கிறது. லைசென்ஸ் நிபந்தனையை மீறியதற்கு 30-ஆவது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தவருக்கு 25-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. நண்பர் இறந்துவிட்டதால் அவர்மேல் வழக்கு வராது. ஆனால் இன்று அந்த வீட்டில் அதை வைத்திருப்பது யார்? அவருடைய மனைவியும் பிள்ளைகளும். அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை அன்றைக்கே பார்த்துவிட்டு அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். அடுத்த அடி ஒப்படைப்பதுதான், அதில் மாற்றமில்லை. எந்த வார்த்தையில் எழுதி ஒப்படைப்பது என்பதற்குத்தான் வழக்கறிஞர். கிணற்றில் போடுவது, வைக்கோல் படப்புக்குள் செருகுவது, பாடையோடு அனுப்பிவிடுவது என்று யோசனை சொல்கிற உறவினர் எல்லா ஊரிலும் இருப்பார்கள். காணாமல் போன துப்பாக்கிக்கு லைசென்ஸ் புத்தகத்தில் எண் இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலின்போது, அதற்கு முன் தேர்தல் வந்து லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னால் அப்போதே, அது எங்கே என்ற கேள்வி வந்துவிடும்.

காற்றுத் துப்பாக்கி என்றால் கதை வேறு. 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கிளப்பில் பயிற்சிக்குக் கொடுத்த ஏர் ரைபிளை மற்றப் பொருள்களைப் போலவே கேட்டு வாங்கலாம். எண் அச்சிட்ட பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, காரியம் முடிந்த பிறகு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

இறந்த விதத்தைப் பொறுத்து முதல் நாள்

இயற்கை மரணம் அல்ல என்றால், தற்கொலையோ விபத்தோ சந்தேகமோ எதுவாக இருந்தாலும், துப்பாக்கி இருக்கும் அறைக்குள் யாரும் போகக்கூடாது. துப்பாக்கிக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும் சரி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆவது பிரிவின்படி போலீசார் விசாரணை நடத்துவார்கள்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று சொல்லிப் பழகியது இதைத்தான். கைரேகை, குழலில் கரி படிந்திருக்கிறதா, தோட்டா எத்தனை என்பதெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டியவை. நல்லெண்ணத்தோடு துடைத்து, எண்ணெய் போட்டு, உறையில் வைத்தால்கூட அது சாட்சியத்தைக் கலைத்ததாகிவிடும்.

இயற்கை மரணம் என்றால் கொஞ்சம் நிதானம் கிடைக்கும். ஆனால் பதினாறு நாள் கிடைக்காது. இதில்தான் நம் ஊர் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்கின்றன. கருமாதிக்கு முன் இறந்தவர் வீட்டில் பொருள் கேட்பது முறையில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவோ, எந்தக் காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால் 'தேவையற்ற தாமதமின்றி' அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. துப்பாக்கியை வைத்திருந்தவர் இறந்த நிமிடத்திலிருந்து குடும்பத்தினர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

முறையையும் மீறாமல் சட்டத்தையும் மீறாமல் இருக்க, பேசும் விதம் ஒன்று உண்டு. உங்கள் பொருளைக் கேட்காதீர்கள். பத்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். துட்டி கேட்டுவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில், அவர் மனைவியிடமோ மூத்த மகனிடமோ தனியாக: "மதினி, அண்ணே வச்சிருந்த துப்பாக்கி உள்ளதான இருக்கு. புள்ளைக நடமாடுற வீடு. யாரும் தொட வேணாம். ரூமைப் பூட்டிச் சாவிய நீங்களே முடிஞ்சு வச்சுக்கங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அவுகளையே வந்து எடுத்துக்கிரச் சொல்லிருவோம்." இவ்வளவுதான். உங்களுடையது, அவருடையது என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். அதைக் காகிதம் பேசிக்கொள்ளும்.

குண்டு நிரம்பியிருக்கிறதா

இயற்கை மரணம்தான், போலீசாரும் எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள் என்றால் மட்டுமே இந்தப் பகுதி உங்களுக்கு. அதுவும் ஆயுதம் கையாளத் தெரிந்த, லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டியது. தெரியாதவர்கள் நிலையத்திலிருந்து ஆள் வரும் வரை காத்திருப்பதே சரி. எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே நினைத்துத் தொடுங்கள். குழல் வாய் எப்போதும் தரையையோ வெளிச்சுவரையோ பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

லைசென்ஸில் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று போட்டிருக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் மடக்குத் துப்பாக்கிகள் எளிது. மேலே இருக்கும் நெம்பைத் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும். 12 போர் (குழல் அளவைக் குறிக்கும் எண்) தோட்டாவின் பித்தளை அடி தெரிந்தால் எடுத்துத் தனியாக வையுங்கள். இரண்டு குழலையும் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டு வைக்கும் பழக்கம் தோட்டக்காரர்களிடம் உண்டு. ஈரத்தில் ஊறிய பழைய காகிதத் தோட்டா உப்பிச் சிக்கிக்கொண்டால் கத்தியால் நெம்பாதீர்கள். அப்படியே மடக்கித் திறந்த நிலையில் வைத்து, 'உள்ளே தோட்டா இருக்கிறது' என்று எழுதிக் கட்டிவிடுங்கள்.

கைத்துப்பாக்கியில் ரிவால்வர் என்றால் சிலிண்டரை வெளியே தள்ளி எல்லா அறைகளையும் பாருங்கள். பிஸ்டலில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் குழலின் அடியறையில் இருந்த குண்டு வெளியே விழும்போதே அடுத்தது உள்ளே ஏறிவிடும். காலி என்று நினைத்து மேசைமேல் வைப்பீர்கள்.

மிகவும் ஆபத்தானது நாட்டுத் துப்பாக்கி, அதாவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் எஸ்.பி.எம்.எல். வெளியே பார்த்தால் நிரம்பியதா இல்லையா என்று தெரியவே தெரியாது. மருந்தும் ரவையும் துணியும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். குழலின் அடியில் இருக்கும் நிப்பிள் என்ற முனையில் கேப், அதாவது பொறி எழுப்பும் சிறு தொப்பி, இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு கெட்டிக்கும் கம்பியை வாய்வழியாக மெல்ல உள்ளே விட்டு, நின்ற இடத்தில் குழல் வாய்க்கு நேராக நகத்தால் அடையாளம் வையுங்கள். கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே நீளவாக்கில் வைத்துப் பார்த்தால், காலியான குழலில் அது ஏறக்குறைய நிப்பிள் வரை எட்டும். அதற்குக் குறைந்தால் மருந்து உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை விரல்நுனியால் பக்கவாட்டில் பிடியுங்கள். உள்ளங்கையும் முகமும் குழல் வாய்க்கு நேரே வரக்கூடாது. நிரம்பியிருந்தால் கிளறி எடுக்கவோ வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்க்கவோ வேண்டாம். கேப் இல்லாமல் அப்படியே கொடுத்து, 'மருந்து கெட்டிக்கப்பட்டிருக்கிறது' என்று கடிதத்தில் எழுதுங்கள். காவல்துறையின் ஆயுதப்படையில் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

எங்கே போவது

நண்பரின் வீடு மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் ஆயுத விஷயத்தில் அதிகாரி காவல் ஆணையர். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் போன்ற வெளிப்பகுதி என்றால் மாவட்ட ஆட்சியர். உங்கள் லைசென்ஸை ஆட்சியர் கொடுத்திருந்து, துப்பாக்கி இருக்கும் வீடு மாநகரத்தில் தல்லாகுளம் எல்லைக்குள் என்றால் இரண்டு அலுவலகமும் உள்ளே வரும். ஒப்படைப்பதற்கு ஒரே விதிதான்: ஆயுதம் இப்போது இருக்கிற இடத்துக்கு அருகிலுள்ள நிலையம். அதை உங்கள் ஊர் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் நின்றால், இறந்தவர் வீட்டிலிருந்து காகிதமில்லாமல் வந்த துப்பாக்கியோடு நிற்பீர்கள்.

போவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அண்மையில் தேர்தல் நடந்திருந்தால், துப்பாக்கி ஏற்கனவே நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கப்பட்டுத் திரும்ப எடுக்கப்படாமல் இருக்கலாம். பீரோவில் ஒப்படைப்பு ரசீது இருக்கிறதா என்று வீட்டாரைத் தேடச் சொல்லுங்கள். இல்லாத துப்பாக்கியைக் காணவில்லை என்று புகார் கொடுத்து, பிறகு அது அதே நிலையத்தின் அறையிலேயே இருந்தால் எல்லோருக்கும் சங்கடம்.

கடிதம் இரண்டு போக வேண்டும். ஒன்று குடும்பத்தினர் எழுதுவது, மற்றது நீங்கள் எழுதுவது. ஒரே நாளில் கொடுத்தால் நல்லது. குடும்பத்தினர் கடிதம் இப்படி இருக்கலாம்:

"என் கணவர் இன்ன தேதியில் இயற்கை மரணம் அடைந்தார். அவர் வீட்டில் கீழ்க்கண்ட ஆயுதங்களும் தோட்டாக்களும் உள்ளன. இவற்றை வைத்திருக்க எங்களில் யாருக்கும் உரிமம் இல்லை. ஆயுதச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி இவற்றைப் பாதுகாப்பில் ஒப்படைக்கிறோம். வரிசை எண் 2-இல் உள்ள துப்பாக்கி வேறொருவரின் உரிமத்தைச் சேர்ந்தது என்று அறிகிறோம். அதன்மீது எங்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை. ஒப்படைத்ததற்கு ரசீது வழங்கக் கோருகிறோம்."

'உரிமைக் கோரிக்கை இல்லை' என்ற அந்த ஒரு வரிதான் பின்னால் உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதை எழுதச் சொல்லி நெருக்காதீர்கள். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டி, எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்களே புரிந்து எழுதட்டும். சந்தேகப்பட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் காட்டுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் லைசென்ஸ் எண், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் கொடுத்த யு.ஐ.என். என்ற தனி அடையாள எண், லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும், துப்பாக்கியின் வகை, போர், தயாரிப்பாளர், எண், எந்தத் தேதியில் எந்தக் காரணத்துக்காக நண்பரிடம் இருந்தது ஆகியவை இருக்க வேண்டும். காரணத்தில் பொய் எழுதாதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்தேன் என்று எழுதிவிட்டு, அவர் இரண்டு வருடமாகத் தோட்டத்தில் வைத்திருந்தார் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னால் அந்த ஒரு பொய்யே வழக்காகிவிடும்.

இரண்டு கடிதத்துக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது நிலையத்தில் மனுவைப் பெற்றதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். "எஸ்.ஐ. வரட்டும், ரைட்டர் லீவு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் நிலையத்துக்கும் ஆணையர் அல்லது கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் அன்றைக்கே அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதம் உங்கள் பக்கம் இல்லை என்று காட்ட அது போதும்.

ரசீதில் இருக்க வேண்டியவை

கிடைக்காமல் போகிற துப்பாக்கிகளில் பல, ரசீதில் ஒரு வரி குறைந்ததால் போனவை. 'துப்பாக்கி - 1' என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது. ஒரே வீட்டிலிருந்து நண்பருடையது ஒன்றும் உங்களுடையது ஒன்றும் சேர்ந்து போகும்போது குழப்பம் இரட்டிப்பாகும்.

இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்று பாகமாகக் கழலும்: குழல், கட்டையோடு சேர்ந்த இயந்திரப் பகுதி, குழலுக்கு அடியில் கைபிடிக்கும் முன்கட்டை. கழற்றிப் பார்த்தால் குழலின் அடிப்பக்கத் தட்டையிலும் இயந்திரப் பகுதியிலும் எண் இருக்கும். பல துப்பாக்கிகளில் முன்கட்டையின் இரும்பிலும் உண்டு. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மூன்றையும் ரசீதில் எழுத வையுங்கள். இரண்டு துப்பாக்கி ஒரே கோணியில் போனால் முன்கட்டைகள் மாறிவிடும். மாறிய முன்கட்டை சரியாகப் பூட்டாது. தொலைந்தால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்குப் புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, எண் எழுதிய அட்டையைத் துப்பாக்கியிலேயே கம்பியால் கட்டுங்கள்.

தோட்டாக்களை எண்ணி, போர் வாரியாக, காலி உறைகளையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் லைசென்ஸில் ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். நண்பர் வீட்டில் கிடந்த சக்திமான் பிராண்ட் தோட்டாவில் எது உங்களுடையது, எது அவருடையது என்று பிரிக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே விட்டுவிடுங்கள். தோட்டாவுக்காக வாதாடுவது வீண்.

நிலைய அறையில் ஒரு மழைக்காலம் கிடந்தாலே துரு ஏறும். ஒப்படைப்பதற்கு முன் அனுமதி இருந்தால், வழக்கில் சேராத துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாக இறுகிவிடும். தோல் உறைக்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு குழலைத் தின்றுவிடும். செலவைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டு லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைப்பது துப்பாக்கிக்கு நல்லது. மாதக் கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பப் பெறுவது

21-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒப்படைத்தவருக்கு, அவர் இறந்திருந்தால் சட்டப்படியான வாரிசுக்கு, திரும்பப் பெறவோ உரிமையுள்ள இன்னொருவருக்கு விற்கவோ உரிமை தருகிறது. இங்கே சிக்கல் என்னவென்றால், ஒப்படைத்தவர் நண்பரின் மனைவி, துப்பாக்கி உங்களுடையது. நிலையம் யாரிடம் கொடுப்பது என்று தயங்கும். மேலே சொன்ன 'கோரிக்கை இல்லை' வரியும், உங்கள் கடிதத்தின் ரசீதும், லைசென்ஸ் புத்தகமும் சேர்ந்துதான் அந்தத் தயக்கத்தைத் தீர்க்கும்.

உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு, ஆயுதம் இன்ன நிலையத்தில் இருக்கிறது, திரும்பப் பெற உத்தரவு வேண்டும் என்று மனுக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகம் என்றால் ஆயுத உரிமப் பிரிவில் நேராகக் கொடுப்பதே நல்லது. அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கலாம். இணைக்க வேண்டியவை: லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்க நகலும், ஒப்படைப்பு ரசீது, சி.எஸ்.ஆர்., இறப்புச் சான்றிதழ், குடும்பத்தினர் கடிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் சான்றிதழ் எளிதாகக் கிடைக்கும். அதற்குமேல் போனால் தாமதக் கட்டணமும் அலைச்சலும். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகே கிடைக்கும் என்பதால் அதற்கு இ-சேவை மையத்தில் சீக்கிரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் துப்பாக்கிக்கு அது கட்டாயம் கேட்கப்படாமல் போகலாம், நண்பரின் துப்பாக்கிக்கு நிச்சயம் வேண்டும்.

உங்கள் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் துப்பாக்கி வராது. முதலில் புதுப்பித்தல், பிறகுதான் மீட்பு. 2019-க்குப் பிறகு லைசென்ஸ் காலம் 5 ஆண்டு; பழைய 3 ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக் குழப்பிக்கொள்ளாமல் புத்தகத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இடையில் நீங்கள் வேறு இரண்டு வாங்கியிருந்தால் இது மூன்றாவதாகிவிடும். திரும்பப் பெற முடியாது, விற்கத்தான் வேண்டும்.

மரண விசாரணையிலோ வழக்கிலோ துப்பாக்கி கைப்பற்றப்பட்டிருந்தால் ஆட்சியரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. அது நீதித்துறை நடுவரின் பொறுப்பில் இருக்கிறது. சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆவது பிரிவில் (முன்பு 451, 457) வழக்கறிஞர் மூலம் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் கொடுத்தாலும் பிணைப்பத்திரம், விற்கக்கூடாது, கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். துப்பாக்கியே சாவுக்குக் காரணமாக இருந்தால் வழக்கு முடியும் வரை பொறுப்பதைத் தவிர வழியில்லை.

அதிக நாள் கேட்காமலும் விட்டுவிடாதீர்கள். குறித்த காலத்துக்குள் யாரும் பெறாத ஆயுதத்தை அரசுடைமையாக்க மாவட்ட நடுவருக்கு, அதாவது ஆட்சியருக்கோ மாநகரத்தில் காவல் ஆணையருக்கோ, அதிகாரம் உண்டு. அதற்கு முன் ஒப்படைத்தவருக்கு, அதாவது நண்பரின் வீட்டு முகவரிக்கு, 30 நாளில் பதில் கேட்டு அறிவிப்பு வரும். அது உங்களுக்கு வராது. அரசு முத்திரையோடு எந்தத் தபால் வந்தாலும் சொல்லும்படி வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

நண்பரின் சொந்தத் துப்பாக்கியைப் பற்றியும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு ஒருவர் தன் பெயரில் உரிமம் கேட்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபிக்கக் கூடாது, போலீஸ் அறிக்கை சரியாக இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் கடைக்கோ உரிமமுள்ளவருக்கோ விற்க அனுமதி கேட்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கியதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்பவருக்கும் நிலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கு அனுமதி அல்ல என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தனி.

கைக்கு வந்த அன்று

கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள், மூன்று பாகமும் பூட்டுகிறதா என்று பூட்டிப் பாருங்கள், சுத்தி இரண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். துரு, கட்டையில் விரிசல் இருந்தால் பெறும் பதிவேட்டிலேயே குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேருந்தில் போகாதீர்கள். குழலைக் கழற்றி, உறையிட்டு, தோட்டாவைத் தனிப்பையில் வைத்து, லைசென்ஸ் புத்தகமும் உத்தரவும் கையில் இருக்க, நேராக வீட்டுக்கு வாருங்கள். வந்ததும், ஆயுதம் இன்ன தேதியில் என்னிடம் வந்துவிட்டது என்று உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கும் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சுடுவதற்கு முன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மாதக்கணக்கில் அறையில் நின்ற குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மண் உலர்ந்து இறுகிய அந்தக் கூடு, ரவை வந்து மோதினால் குழலையே பிளந்துவிடும். நாட்டுத் துப்பாக்கியில் வெளிச்சம் பார்க்க முடியாது. ஒப்படைக்கும்போது செய்த அதே கம்பி அளவை மறுபடி செய்யுங்கள். ஒரு விரற்கடை குறைந்தாலும் கழுவிச் சுத்தம் செய்யாமல் மருந்து போடாதீர்கள்.